இரண்டு அங்குலத்தின் எடை

மரக் கடைசலைப் பொழுதுபோக்காகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் அரிப்பு வரும். மேஜைமேல் வைக்கிற 10 அங்குல லேத் ஒன்றை வாங்கி, பேனா, பம்பரம், குங்குமச் சிமிழ், உளிப்பிடி என்று சந்தோஷமாகக் கடைந்துகொண்டிருப்பார்கள். தெருவில் யாரோ வேப்பமரத்தை வெட்டுவார்கள். அடிமரத் துண்டு ஒன்று இனாமாகக் கிடைக்கும். இதைக் கிண்ணமாகக் கடைந்தால் என்ன என்று தோன்றும். அன்றிலிருந்து லேத் சிறிதாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்த படி 12 அங்குல லேத். அதுவும் மேஜைமேல் உட்காரக்கூடியதுதான். லேத்தின் அளவைச் சொல்லும் இந்த எண், அதில் மாட்டக்கூடிய கட்டையின் அதிகபட்ச விட்டம். கட்டையைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மையத்துக்கும் கீழே கிடக்கும் இரும்பு பெட்டுக்கும் இடையே 5 அங்குலம் இருந்தால் அது 10 அங்குல லேத். 6 இருந்தால் 12. ஆக, கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குவது உயரத்தில் ஒரே ஓர் அங்குலம். ஆனால் தூக்கிப் பாருங்கள். சின்னது பெரும்பாலும் 30 கிலோ சொச்சம் இருக்கும். பெரியது 50ஐத் தொடும், சில அதையும் தாண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு எதற்கு இருபது கிலோ இரும்பு?

கட்டையின் விட்டமும் கனமும் ஒரே விகிதத்தில் கூடுவதாக வைத்துக்கொள்வோம். 10 அங்குலம் 12 ஆனால் நீள அளவு 1.2 மடங்கு. எடை அதன் மும்மடி, அதாவது 1.73 மடங்கு. சுழல்கிற பொருளுக்கு எடை மட்டும் கணக்கு இல்லை. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேரும், அதுவும் தூரத்தின் வர்க்கமாக. எனவே, சுழலத் தொடங்கவும் சுழன்றால் நிற்கவும் கட்டை காட்டும் முரண்டு, 1.2ஐ ஐந்து முறை பெருக்கிய அளவுக்கு, கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகக் கூடிவிடுகிறது. இயற்பியலில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். 12 அங்குல விட்டமும் 4 அங்குலக் கனமும் உள்ள பச்சைக்கட்டை, தண்ணீரின் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், ஏழரை கிலோவுக்கு வரும். அதை முழு வேகத்தில் சுழலவிட்டு அருகில் நிற்பது விளையாட்டுக் காரியமல்ல.

வேகம் என்றதும் பலர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மட்டும் பார்க்கிறார்கள். உளியின் வாய்க்குச் சுற்றுக் கணக்கு தெரியாது. தன் முன்னால் மரம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 2 அங்குல உருளையின் விளிம்பு மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவாக நகர்கிறது. அதே 1,000 சுற்றில் 12 அங்குலக் கட்டையின் விளிம்பு மணிக்கு 57 கிலோமீட்டரில் பறக்கிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்தால் அதே வேகத்தில்தான் கிளம்பும்.

இதற்காகக் கடைசல்காரர்களிடம் நெடுநாளாக ஒரு மனக்கணக்கு புழங்குகிறது. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் விடை 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். 2 அங்குலப் பம்பரம் என்றால் 3,000க்குக் குறையாமல் சுற்றலாம். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 1,000 முதல் 1,500. 12 அங்குலத்துக்கு 500 முதல் 750. இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருப்பது விளிம்பு வேகம். எந்த விட்டமானாலும் அதை நொடிக்கு 8 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் இடையில் இது நிறுத்திவிடுகிறது. யாரோ இயற்பியல் படித்து எழுதியதுபோல் இருக்கிறது. கை பழகி வந்த கணக்காக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் 500 சுற்றும்கூட, கட்டை ஏற்கெனவே உருண்டையாகி, எடை சமமாகப் பரவியிருந்தால்தான் சரி. கோடாலியும் ரம்பமும் பட்டு வந்த கட்டை அப்படி இருக்காது. ஒரு பக்கம் பட்டை, ஒரு பக்கம் கணு, நடுவில் வைரம், ஓரத்தில் ஈரம் குடித்த வெள்ளை மரம். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் மட்டும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 600 சுற்றில் அந்த 100 கிராம் ஸ்பிண்டிலை ஏறத்தாழ 5 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். 1,200 சுற்றில் 19 கிலோ. 1,500 சுற்றில் 30 கிலோ. அதாவது மேஜையோடு போல்ட் போட்டு இறுக்காத 30 கிலோ லேத், நொடிக்கு 25 தடவை எம்பிக் குதிக்கப் பார்க்கும். வெறும் 100 கிராம், மொத்த எந்திரத்தையும் தூக்குகிறது.

கூடுதல் இருபது கிலோ இரும்பு எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி, அந்த இரும்பின் சாதியில் இருக்கிறது. லேத்தின் பெட்டும், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கும் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாம்பல் நிற வார்ப்பிரும்பை உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே மெல்லிய கிராஃபைட் செதில்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். அதிர்வு இரும்பு வழியே ஓடும்போது இந்தச் செதில்களின் ஓரங்களில் உரசி வெப்பமாகக் கரைந்துபோகிறது. எஃகுத் தகட்டைத் தட்டினால் கணீர் என்னும். வார்ப்பிரும்பைத் தட்டினால் மந்தமாக ஒரு சத்தம் வந்து அடங்கிவிடும். சங்கீதத்துக்கு உதவாத இந்த மந்தம் கடைசலுக்கு வரம். மடித்த தகரத்தில் கால் செய்து விற்கும் லேத் ஸ்டாண்டுகளை எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுவே. அவற்றின் கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டைகளைப் போட்டால்தான் நிதானத்துக்கு வருகின்றன.

ஓடும் லேத்தின் ஹெட்ஸ்டாக் மேல் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டுவார்கள். ஐந்து ரூபாய் நாணயமும் நிற்கும். பார்க்க அழகான வித்தைதான், ஆனால் கட்டை மாட்டாமல் வெறும் ஸ்பிண்டிலைச் சுற்றிக் காட்டுவதில் பெரிய பொருளில்லை. கோணலான கட்டையை மாட்டிவிட்டு வேகக் குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மேஜை நடுங்க ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் நடுக்கம் வெறிபிடித்தாற்போல் உச்சத்துக்குப் போகும். லேத், மேஜை, தரை மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு என்று இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. கட்டை அதே தாளத்தில் உதைக்கும்போது வரும் ஒத்ததிர்வு இது. குமிழைப் பத்து இருபது சுற்று குறைத்தால் போதும், மேஜை அமைதியாகிவிடும். பெல்ட்டை ஒரு புல்லியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மட்டுமே வேகம் மாறும் பழைய லேத்தில் இந்தப் பத்து இருபது கிடைக்காது. அந்த வகை 10 அங்குல லேத்களில் மிகக் குறைந்த வேகமே 500 சுற்றாக இருந்தது உண்டு. இன்று விற்கும் 12 அங்குல லேத்கள் சிலவற்றில் 60 சுற்று வரை இறங்கலாம். பெரிய லேத் தரும் உண்மையான வசதி, என் கணக்கில், இந்த நிதானம்தான்.

மனிதக் கையாலும் காலாலும் ஓடிய லேத்கள் இயல்பிலேயே நிதானமானவை. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறையில், சுமார் கி.மு. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த சிற்பத்தில், ஓர் ஆள் வாரை இழுத்துக் கட்டையைச் சுழற்ற, இன்னோர் ஆள் உளி பிடிக்கிறார். இழுக்கும்போது கட்டை ஒரு பக்கம் சுழலும், விட்டால் மறுபக்கம். உளி ஒரு திசையில்தான் வெட்டும், அதனால் பாதி நேரம் சும்மா. 1480 வாக்கில் லியனார்டோ டா வின்சி வரைந்த லேத்தில் மிதியோடு ஒரு கனமான சக்கரமும் இருக்கிறது. ஒரே திசையில் இடைவிடாமல் சுழல வைத்தது அந்தச் சக்கரத்தின் எடை. எடை அங்கேயும் வந்துவிட்டது.

மோட்டார் விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1 ஹெச்.பி. என்று போட்டிருப்பார்கள். அந்தச் சக்தி முழுவதும் 600 சுற்றில் கிடைத்தால், 12 அங்குலக் கட்டையின் விளிம்பில் உளியை எதிர்த்து நிற்கும் விசை சுமார் 8 கிலோ. தாராளம். ஆனால் குமிழைத் திருப்பி மின்னணு வழியில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரின் முறுக்குவிசை கூடுவதில்லை. வேகம் குறைந்த அளவுக்குச் சக்தியும் குறைந்துவிடுகிறது. 3,600 சுற்றுக்கான புல்லியில் பெல்ட்டை விட்டுவிட்டு, குமிழால் மட்டும் 600க்கு இறக்கினால் அந்த 8 கிலோ ஒன்றேகால் கிலோ அளவுக்குச் சுருங்கிவிடும். உளியைச் சற்று அழுத்தினாலே கட்டை நின்றுபோகும். லேத்துக்குப் பலம் இல்லை என்று திட்டுவார்கள். பெல்ட்டைக் குறைந்த வேகப் புல்லிக்கு மாற்றியிருந்தால் போதும். சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றுவதற்கு இணையான வேலை அது. பெல்ட் மாற்றும் மூடியைத் திறக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு எத்தனை ஹெச்.பி. இருந்தும் பயனில்லை.

பெரிய கட்டைக்கு இத்தனை விசை தேவைப்படுவதற்கு மரமும் ஒரு காரணம். கிண்ணத்துக்கு மாட்டும் கட்டையில் நார்கள் சுழல் அச்சுக்குக் குறுக்கே ஓடும். ஒரு சுற்றில் உளி இரண்டு இடங்களில் நாரைப் பக்கவாட்டில் சீவுகிறது, இரண்டு இடங்களில் நாரின் வெட்டுமுனையில் மோதுகிறது. 600 சுற்றில் நொடிக்கு இருபது மோதல். பச்சை மரமாக இருந்தால் சீவல் நாடா நாடாவாக முழங்கைமேல் வந்து விழும். கூடவே தண்ணீர்த் துளிகளும் தெறித்துச் சட்டையில் கோடு போடும். காய்ந்த புளியமரமாக இருந்தால் உளிப்பிடியிலேயே அந்த இருபதையும் எண்ணிவிடலாம் போலிருக்கும்.

பச்சை மரத்தில் இன்னொரு சூட்சுமம். காயும்போது மரம் சுருங்குகிறது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அல்ல. நார் ஓடும் நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் பொதுவாக இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவாகிவிடும். அதனால் முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சுவர் வைத்துத் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி மாட்டி வட்டமாக்குகிறார்கள். வட்டமாக்கும்போது குறுகிய பக்கத்து அளவுதான் மிஞ்சும். 10 அங்குல லேத்தில் முழு 10 அங்குலத்துக்கு மாட்டினால் கட்டை பெட்டை உரசும். கொஞ்சம் குறைத்துத்தான் மாட்ட முடியும். காய்ந்தபின் கையில் நிற்பது 9 அங்குலத்துக்குச் சொச்சம். சாம்பார் பரிமாறும் அளவில் கிண்ணம் வேண்டுமென்றால் பெரிய லேத் தேவைப்படுவதன் நேர்மையான காரணம் இது ஒன்றுதான் என்பேன்.

எல்லோருக்கும் அது தேவைப்படாது. கர்நாடகத்தின் சன்னபட்ணாவிலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைகிறவர்களைப் பாருங்கள். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் அந்தக் கடைசல் குடும்பம்தான். எல்லாம் கைக்குள் அடங்கும் உருப்படிகள். சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் வழவழவென்று படியும். சன்னபட்ணாவில் அதன்மேல் தாழை ஓலையைப் பிடித்து மெருகேற்றுகிறார்கள். வேறு அடுப்பு கிடையாது. இந்த வேலைக்கு வேண்டியது வேகம். 12 அங்குல லேத் அவர்களுக்கு வீண் பாரம்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் பழைய லேத்தின் ஸ்பிண்டில் மரையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழையதும் புதியதும் 1 அங்குலம், 8 மரை என்று இருந்தால் கட்டையைப் பிடிக்கும் சக், பேஸ்பிளேட் எல்லாம் அப்படியே ஏறும். ஸ்பிண்டில் துளைக்குள் செருகும் சாமான்களுக்கு இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பரா என்று கேளுங்கள். அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் கொண்டுவந்த கூம்பு அது. அடிக்கு 0.6 அங்குலம்தான் சரிவு. அவ்வளவு சன்னமான சரிவு என்பதால், செருகி ஒரு தட்டு தட்டினால் உராய்வே பூட்டிக்கொள்ளும், திருகாணி வேண்டாம்.

கடைக்காரர் அதிகபட்ச வேகத்தையும் ஹெச்.பி.யையும் முதலில் சொல்வார். நீங்கள் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் உடனே பதில் வராத கடையில் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மேஜையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். முகத்துக்கு முழுக் கவசம் மாட்டுங்கள். சுவிட்சைப் போடும்போது குமிழ் மிகக் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். நீங்கள் கட்டை சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.