பதினான்கு ஊசியும் ஒரு நரம்பு நோயும்

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நொண்டியபடியே பள்ளிக்கு வந்தாள். கேட்டதற்கு, "கல் தடுக்கிவிட்டது மிஸ்" என்றாள். மூன்றாம் நாள்தான் உண்மை வெளிவந்தது. கிரிவலப் பாதையில் எச்சில் இலைக்குச் சண்டையிட்ட நாய்களில் ஒன்று அவள் கெண்டைக்காலைக் கடித்திருந்தது. வீட்டில் பாட்டிக்கு மட்டும் தெரியும். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, "யாரிடமும் சொல்லாதே, வயிற்றில் பதினாலு ஊசி போட்டுக் காலை முடக்கிவிடுவார்கள்" என்று எச்சரித்திருந்தார்.

அன்றே அவளுடைய தாயாரை வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கையில் ஊசி போட்டார்கள், காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்தினார்கள். மாலையில் பாட்டியைப் பார்த்து, விஞ்ஞான யுகத்தில் இப்படியோர் அறியாமையா என்று நாலு வார்த்தை சொல்லி வரலாம் என்றுதான் போனேன்.

பாட்டி அமைதியாகக் கேட்டுவிட்டு, "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நான் பார்த்ததைச் சொல்றேன்" என்றார். அவருடைய அண்ணனுக்கு அப்போது இருபது வயது. செங்கம் பக்கத்துக் கிராமம். வெறிநாய் கடித்தது. தினம் ஓர் ஊசியாகத் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். பத்தாம் நாள் பாதம் மரத்தது. மறுநாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, சிறுநீரும் இறங்கவில்லை. பல மாதங்கள் படுக்கை. பிறகு ஓரளவு தேறினாலும் கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார். நாய் விஷம் காலில் இறங்கிவிட்டது என்றது ஊர். ஊசிதான் காரணம் என்றார் பாட்டியின் தாயார்.

அந்தத் தாயார் சொன்னதே சரி. நான் சொல்ல வந்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. ஊசியால் சிலருக்குக் கால் முடங்குவது மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்த செய்தி. அதன் காரணத்தைத் தேடிப் போனவர்கள்தான், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் கொடிய நரம்பு நோயைப் புரிந்துகொள்ளும் வழியைத் திறந்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1885ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். அந்த மருந்து எதிலிருந்து வந்தது? வெறிநோய் கண்டு இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அரைத்து எடுத்தது. வெறிநோய்க் கிருமி முக்கியமாக நரம்பில் வளரும்; ஆகவே மருந்தோடு நரம்புத் திசுவும் சேர்ந்தே உடலுக்குள் போயிற்று.

நம் நாட்டில் இதை எளிதாக்கியவர் டேவிட் செம்பிள் என்னும் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர். இமயமலைச் சாரலில் கசௌலி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, 1911இல், பீனால் கொண்டு கிருமியைக் கொன்று மருந்து தயாரிக்கும் முறையை வகுத்தார். நாளடைவில் ஆட்டின் மூளையிலிருந்து அது பெருமளவில் தயாராகியது. நம் பக்கத்தில் இதற்குப் பெயர் பெற்ற இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1902இல் ஓர் ஆங்கிலப் பெண்மணி, கசௌலி மருந்து உரிய காலத்தில் கிடைக்காமல் வெறிநோயால் மாண்டார். அதையடுத்து, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர, 1907இல் அங்கே பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி காலத்தில் தென்னாட்டில் நாய்க்கடி என்றால் குன்னூர் மருந்துதான். எத்தனை உயிர்களை அது காத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வெறிநோய் கண்டுவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். ஊசியால் முடங்கியவர்களோ ஆயிரக்கணக்கானோரில் ஒரு சிலர். ஆனால் அந்த ஒருவர் தம் வீட்டு அண்ணனாக இருக்கும்போது கணக்கு யாருக்கு ஆறுதல் தரும்?

இனி, ஊசி எப்படிக் காலை முடக்கியது என்று பார்ப்போம். முதலில் நரம்பைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம் நரம்பிழைகளில் பலவற்றின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை சுற்றப்பட்டிருக்கிறது. மின்கம்பியின் மேலுறை போன்றது என்று பாடப் புத்தகம் சொல்லும். என் மாணவிகளுக்கு நான் வேறு கணக்குக் கொடுப்பது வழக்கம். உறையுள்ள நரம்பில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத நரம்பில் ஒரு மீட்டர் அளவுதான். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். முதல் வேகத்தில் அதை 140 வினாடிகளில் சுற்றிவிடலாம். இரண்டாம் வேகத்தில் 14,000 வினாடிகள், அதாவது ஏறக்குறைய நான்கு மணி நேரம், நாம் கால்நடையாகச் சுற்றுகிற நேரம்! அதுவும் உறையோடு வளர்ந்த நரம்பில் உறை திடீரென உரிந்துவிட்டால், செய்தி மெதுவாகப் போவதோடு நிற்பதில்லை. பல சமயம் வழியிலேயே அணைந்துவிடுகிறது. மூளை 'நட' என்கிறது, காலுக்குக் கேட்பதில்லை.

உறையை உரித்தது யார்? ஊசியில் உயிருள்ள கிருமி ஏதேனும் தப்பியிருந்ததா, அல்லது மூளைத் திசுவே காரணமா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு காரியம் செய்தார்கள். நோயே இல்லாத முயலின் மூளையை மட்டும் எடுத்துக் குரங்குகளுக்கு மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார்கள். சில குரங்குகள் தள்ளாடின, கால் விழுந்தன. மூளையைச் சோதித்தபோது ஆங்காங்கே மையலின் உரிந்து கிடந்தது. இந்த முடிவுகள் 1933லும் 1935லும் வெளிவந்தன. கிருமியே இல்லாமல் நோய் வந்துவிட்டது! (நம் மலையடிவாரத்துக் குரங்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாயில்லாச் சீவன்களின் நினைவு வருவதுண்டு.)

அப்படியானால் தாக்கியது உடலின் சொந்தக் காவற்படையே. நம் இரத்தத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அந்நியப் பொருளைக் கண்டால் அடையாளம் வைத்துக்கொண்டு அழிப்பது அவற்றின் வேலை. ஆட்டு மூளை நம் உடலுக்கு அந்நியம். ஆனால் ஆட்டின் மையலினிலுள்ள புரதமும் மனிதனின் புரதமும் பெரிதும் ஒத்திருக்கின்றன. திருடனின் படத்தைக் கையில் கொடுத்து ஊரெல்லாம் தேடச் சொன்னால், அதே முகச்சாயலுள்ள நம் வீட்டுப் பிள்ளையைப் பிடித்து அடித்தது போலாயிற்று. 1960இல் பிலிப் பேட்டர்சன் என்னும் அமெரிக்கர், நோய் கண்ட எலியின் நிணநீர் முடிச்சுகளிலிருந்து செல்களை எடுத்து நோயற்ற எலிக்குச் செலுத்தினார். அந்த எலிக்கும் நோய் வந்தது. 1987இல் பாங்காக் நகர மருத்துவர்கள், செம்பிள் ஊசிக்குப் பின் கடுமையாக நோயுற்ற மனிதர்களின் இரத்தத்திலேயே மையலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். பாட்டியின் அண்ணனுக்கு நேர்ந்தது இதுதான் என்று நான் நம்புகிறேன். நாய் விஷமுமன்று, யாருடைய பாவமுமன்று.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தமிழில் தண்டுவட மரப்பு நோய், ஊசி ஏதுமின்றித் தானே வருவது. 1868இல் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ இதைத் தெளிவாக விவரித்தார். ஒரு கண் மங்கும், கை மரக்கும், நடை தள்ளாடும்; சில வாரங்களில் சரியாகும்; மறுபடி வேறோர் இடத்தில் தாக்கும். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குவது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பதால் பெண்கள் பள்ளியில் இதைப் பேசுவது பொருத்தமே. ஊசியால் வந்த நோய் பெரும்பாலும் ஒருமுறை தாக்கிவிட்டு ஓய்ந்துவிடும்; இதுவோ திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் நுண்ணோக்கியில் உரிந்த உறையையும் சூழ்ந்து நிற்கும் வெள்ளையணுக்களையும் கண்டவர்களுக்கு உறவு தெரியாமல் போகவில்லை.

ஆகவே விலங்குகளில் உண்டாக்கிய அந்த நோயையே உரைகல்லாக வைத்து மருந்து தேடினார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னன், ட்வோரா டைட்டல்பாம் என்போர் மையலின் புரதத்தைப் போன்ற செயற்கைப் பொருளொன்றைச் செய்தனர். அது நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நோய் வரவில்லை, வரவிருந்த நோயையும் அது தடுத்தது! 1996இல் அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. வெள்ளையணுக்கள் இரத்தக்குழாயிலிருந்து மூளைக்குள் நுழையும் கதவை அடைக்கும் இன்னொரு மருந்து, 1992இல் விலங்குகளில் பலன் காட்டி 2004இல் நோயாளிகளிடம் வந்தது. ஆனால் காவலரையே வெளியே நிறுத்தினால் கள்வனுக்குக் கொண்டாட்டம் அன்றோ? சிலருக்கு மூளையில் வேறொரு வைரஸ் பெருகி ஆபத்தானதால் 2005இல் அதை நிறுத்தி, கடும் கட்டுப்பாடுகளோடு 2006இல் மீண்டும் அனுமதித்தார்கள்.

இந்நோயில் காவற்படை ஏன் தடம் மாறுகிறது? அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் இரத்தப் பதிவுகளை ஆராய்ந்த ஹார்வர்டு குழு, எப்ஸ்டீன் பார் என்னும் வைரஸ் தொற்றியபின் இந்நோயின் அபாயம் 32 மடங்கு உயர்வதாக 2022இல் அறிவித்தது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு குழுவினர், அந்த வைரசின் ஒரு புரதமும் நம் நரம்பு மண்டலத்துப் புரதம் ஒன்றும் சாயலில் ஒத்திருப்பதைக் காட்டினர். மறுபடி அதே முகச்சாயல் கதை! ஆனால் அந்த வைரஸ் பெரும்பாலான மனிதர்களைத் தொற்றுவதே. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. மற்ற காரணங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட்டும் அவருடைய குழுவினரும் இத்தகைய நோயாளிகளைப் பல்லாண்டுகளாகப் பதிவுசெய்து ஆராய்கிறார்கள். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்களில் சில, பார்வைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போலிருந்தாலும் வேறானவை. இரத்தச் சோதனையால் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்றுக்கு நல்லதான மருந்து மற்றொன்றுக்குக் கெடுதலாக முடியும்.

பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தெரிஞ்சும் ஏன் போட்டாங்க?"

சொல்லக் கஷ்டமாயிருந்தது. மூளைத் திசு இல்லாத மருந்து 1970களிலேயே வந்துவிட்டது. ஆட்டு மூளை மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 1984இல் கூறியது. நம் நாட்டில் அது நின்றது 2004 டிசம்பரில். இடையில் இருபது ஆண்டுகள். புதிய மருந்தின் விலை அதிகம். பழையது மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசம். பணமுள்ளவர் புதியதை வாங்கினார், இல்லாதவர் வயிற்றைக் காட்டினார். வேறு மருந்து கைவசம் இல்லாதபோது பழைய ஊசி போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தசையில் போடாமல் தோலுக்குள் சிறிதளவே செலுத்தினாலும் போதும் என்ற முறைக்கு 2006இல் அனுமதி கிடைத்த பின்னரே செலவு குறைந்தது.

இன்றைய ஊசி செல் வளர்ப்பு முறையில் தயாராவது. அதில் ஆட்டு மூளை துளியும் இல்லை. வயிற்றில் போடுவதும் இல்லை. இரு கைகளிலும், தோலுக்குள், முதல் நாளும் அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் போடுகிறார்கள். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் முதலில் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பிறகு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொல்லி முடிக்க இரண்டு மாலைகள் பிடித்தன. ஏழாம் நாள் ஊசிக்குத் தாயார் அழைத்துச் சென்றார். இருபத்தெட்டாம் நாள் காலையில் பேத்தி விடுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். பாட்டியின் கைநாட்டு இருந்தது. வெளியே வாசலில் ஆட்டோவில் அவரே உட்கார்ந்திருந்தார்.