குடுபல்லியிலிருந்து ஹார்ஸ்லி மலைக்கு: பாடும் பறவைகளைப் படமெடுத்தல்

பெங்களூரிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்கு ரயிலில் சென்ற அன்பர்கள், குப்பத்துக்குச் சற்று முன்னால் குடுபல்லி என்ற சிறு நிலையத்தைக் கவனித்திருக்கலாம். ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் மூன்றும் நெருங்கும் பகுதி. டீக்கடையில் மூன்று மொழியும் காதில் விழும். ஒரு பங்குனியில் நண்பர்கள் மூவர் அங்கிருந்து காரில் கிளம்பினோம்.

வசந்தத்தில் பறவை பாடுவது நம்மை மகிழ்விக்க அல்ல. 'இது என் எல்லை' என்று ஆண் பறவை மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது, பெட்டையையும் அழைக்கிறது. குரல் பிறப்பது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில். இரு கிளையும் தனித்தனியே ஒலிக்கும் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம்கூட எழும்பும்!

குடுபல்லி ஏரிக்கரையில் ஒரு குண்டுகரிச்சான். எட்டத்திலேயே இருந்தது. செல்போனில் அதன் பாட்டையே போட்டோம். உடனே பக்கத்துக் கிளைக்கு வந்து, வாலைத் தூக்கி, இல்லாத எதிரியோடு பாடிப் பாடிச் சண்டை பிடித்தது. எங்களுக்கு ஏகக் குஷி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் சொன்னார்: "அதை நிறுத்துங்க சாமி, பொந்துல குஞ்சு கத்துது." திரும்பிப் பார்த்தால், பெட்டை அலகில் புழுவோடு, உள்ளே போகப் பயந்து உட்கார்ந்திருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவைக் கூட்டைத் தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வருகிறது. துப்பாக்கி வேண்டியதில்லை.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த கருவியால், கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் பிடித்தவர். நம் கையில் இருக்கும் வசதி அவருக்கு ஏது?

பலமனேர், மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி மலை. தென்னிந்தியாவுக்கு வெளியே காணக் கிடைக்காத மஞ்சள்தொண்டைச் சின்னான் பாறையும் புதரும் கலந்த இத்தகைய குன்றுகளில்தான் வாழும், கூச்சம் மிகுந்தது. கல் குவாரிகளால் அதன் இடம் சுருங்கி வருகிறது. அதே புதரில் வெண்புருவச் சின்னானும் சத்தம் போடும், ஏமாந்துவிடக் கூடாது.

இம்முறை செல்போனை வண்டியிலேயே வைத்துவிட்டோம். பாறை இடுக்கில் பழுத்திருந்த ஓர் இச்சி மரம். சூரியனுக்கு முதுகு காட்டி, தள்ளி உட்கார்ந்தோம். பழம் இருந்தால் பறவை தானாக வரும். ஷட்டர் வேகம் நொடியில் 1/1000; குறி எப்போதும் கண்ணில். இரண்டு மணி நேரம், எறும்புக்கடி வேறு! வந்தது. கிடைத்தது ஒரே படம். மஞ்சள் தொண்டை தெளிவு, வால் முழுக்க இலைக்குள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதைத்தான். குண்டுகரிச்சான் படங்களை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.