கோஸுக்குள் ஒளிந்திருக்கும் தண்டு

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். சுற்றிலும் தேயிலை. பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் காய்கறித் தோட்டங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம். கோஸுக்குப் பிடித்த குளிர்!

மலாய்க்காரர் இந்தக் காய்கறியைக் 'குபிஸ்' என்கிறார்கள். நாம் கோஸ் என்கிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழர் கோவா என்பார்கள். மூன்றும் போர்த்துகீசியர் கொண்டுவந்த 'கோவ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் அவர்கள்தானே! அந்தக் 'கோவ்' பிறந்தது 'கவுலிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பழைய ரோமர்கள் செடியின் தண்டையும் கவுலிஸ் என்றார்கள், இந்தக் கீரைச்செடியையும் கவுலிஸ் என்றார்கள்.

அந்தச் சொல் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் உருமாறியது. இத்தாலியில் காவோலோ, ஸ்பெயினில் கொல், பிரான்சில் ஷூ, ஜெர்மனியிலும் ஹாலந்திலும் கோல், ஆங்கிலத்தில் கேல். இத்தாலியர் எரிச்சல் வந்தால் "காவோலோ!" என்று கத்துவார்கள். பிரெஞ்சுக்காரர்களோ குழந்தையை "என் கோஸே" என்று கொஞ்சுவார்கள். போர்த்துகீசிய மொழியில் இன்னொரு வேடிக்கை: கோஸுக்கு 'கோவ்', தண்டுக்கு 'கவுல்' என்று ஒரே சொல் இரண்டு உருவில் உயிரோடு இருக்கிறது.

நம் சமையலறையில் இன்னும் இரண்டு கவுலிஸ் உண்டு. காலிஃபிளவரின் 'காலி' அதுதான். நூல்கோல் என்பது 'க்னோல்கோல்' என்ற டச்சுச் சொல். 'க்னோல்' என்றால் கிழங்கு. கடைசியில் வரும் 'கோல்' நம் கைத்தடி இல்லை, கோஸ்!

சொல் மட்டுமா உருமாறியது? கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், புரோக்கோலி எல்லாம் ஒரே இனம்தான். தாவரவியலில் அதன் பெயர் பிராசிகா ஒலரேசியா. ஐரோப்பியக் கடலோரங்களில் தானாக முளைத்த செடி அது. இலை அதிகமான செடியின் விதையை ஒருவர் எடுத்துவைத்தார், தண்டு பருத்ததை இன்னொருவர், பூ திரண்டதை வேறொருவர். தலைமுறை தலைமுறையாக அப்படியே விதைத்ததில் ஒன்று பலவாயிற்று. நூல்கோலில் நாம் தின்பது பருத்த தண்டு. காலிஃபிளவரில் மலராத பூத்திரள். கோஸிலோ விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொண்ட இலைகள்.

அப்படியானால் கோஸில் தண்டு எங்கே? அம்மாவிடம் ஒரு கோஸை மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். நடுவே வெள்ளையாக, கெட்டியாக ஒரு தண்டு நிற்கும். பொரியலுக்கு ஆகாதென்று நாம் வீசும் அதுதான் ரோமர்களின் கவுலிஸ். கழுவி, மேல்தோலைச் சீவி, கொஞ்சம் உப்புத் தொட்டுக் கடித்துப் பாருங்கள், இனிக்கும்.