ஓடையில் கிடைத்த பல் எந்த விலங்கினது?

மழை ஓய்ந்து ஓடைகள் வற்றும்போது மணலில் எலும்பும் பல்லும் வெளிப்படுவதுண்டு. மொனராகலைப் பகுதிக்கு இடம்பெயர்ந்து வந்து புதுக்காணியில் குடியேறியோர் அவற்றை எறிந்துவிடாமல் பார்த்தறிவது நன்று. ஓடைப்பக்கம் எந்த விலங்கு நடமாடுகிறது என்பதைப் பல் சொல்லும்.

பல்லைக் கழுவி, உணவை அரைக்கும் மேற்பக்கத்தைப் பாருங்கள்.

மாடு, எருமை: பல் உயரமானது. மேற்பக்கத்தில் பிறை வடிவ வரிகள் தெரியும். மரை, புள்ளிமான் பற்களிலும் பிறை வரிகள் உண்டு. ஆனால் அவை சிறியவை, குட்டையானவை.

காட்டுப்பன்றி: கடைவாய்ப்பல் மனிதருடையதைப் போல மேடு மேடாக இருக்கும். வெளியே நீளும் கோரைப்பல் வளைந்தது.

சிறுத்தை: கடைவாய்ப்பல்லில் அரைக்கும் பரப்பு இல்லை, இறைச்சியை வெட்டும் கூரிய விளிம்பே உண்டு.

யானை: மிகக் கனமானது. மேற்பக்கத்தில் குறுக்கு வரிகள் நெருக்கமாக ஓடும்.

யானைப் பல் கிடைத்தால் அங்கே யானை செத்தது என்று எண்ண வேண்டியதில்லை. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. புதிய பல் பின்னாலிருந்து முன்னோக்கி நகர, தேய்ந்த பழைய பல் துண்டு துண்டாக உடைந்து விழும். ஆகவே உயிரோடுள்ள யானையும் பல்லை விட்டுச் செல்லும்.

துண்டின் விளிம்பு கூராக இருந்தால் அது அருகிலேயே விழுந்திருக்கலாம். உருண்டு மழுங்கியிருந்தால் வெள்ளம் மேலிருந்து கொண்டுவந்திருக்கும். கூரான துண்டோடு யானையின் காலடித் தடமும் சாணமும் காணப்பட்டால், அது யானை வரும் வழி. அங்கே குடிசை போடுவதையும் நெல் சேமிப்பதையும் தவிர்த்து, முதலில் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தோரிடம் கேளுங்கள்.

கல்லைப் போல் கனத்து, கறுத்திருக்கும் பல் மிகப் பழையதாக இருக்கலாம். ஆனால் சேற்றில் கிடந்த புதிய பல்லும் கறுக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இரத்தினபுரிப் பகுதியின் மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் பற்கள் கிடைத்துள்ளன. குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டு, இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் பி.ஈ.பி. தெரணியகல எழுதினார். இன்று அவற்றில் ஒன்றும் இந்நாட்டுக் காடுகளில் இல்லை. அவை இங்கே வாழ்ந்த செய்தியை அறியப் பற்கள் உதவின.

அத்தகைய பல்லை உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைத்து, ஊர்ப் பாடசாலை ஆசிரியர் மூலம் அருங்காட்சியகத்துக்கு அறிவியுங்கள். யானைப் பல்லோ தந்தமோ என்றால் வீட்டில் வைத்திருக்கவும் விற்கவும் வேண்டாம். சட்டச் சிக்கல் வரும். கிராம சேவையாளர் மூலம் வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.