முதுகில் கண் உள்ள ஆட்டக்காரர்

விடியோ கால்பந்து ஆடியிருக்கிறீர்களா? ஆடியிருந்தால் இந்த எரிச்சல் உங்களுக்குப் புதிதாக இராது. இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்புகிறீர்கள். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரர் சற்றும் ஏமாறுவதில்லை. நீங்கள் திரும்பும்போதே அவரும் திரும்பிவிடுகிறார். சரி, பந்தை வேறொருவருக்கு அனுப்பலாம் என்றால், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மற்றொரு தடுப்பாட்டக்காரர் திரும்பிப் பாராமலே காலை நீட்டிப் பறித்துக்கொள்கிறார். "கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது!" என்று கத்தத் தோன்றும். இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் உண்மை? இயற்பியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசாரிப்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை நண்பரிடம் கொடுத்து, மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழே சுழிக் குறிக்கு நேராக, அளவுகோலைத் தொடாமல், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னறிவிப்பின்றி விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொலைவை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 0.2 வினாடி என்று வரும். கண் கண்டதை மூளை உணர்ந்து, விரலுக்குக் கட்டளை போய்ச் சேர ஆன காலம் இது. இடமா வலமா என்று முடிவு செய்யவும் வேண்டியிருந்தால் இன்னும் கூடுதலாகும். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்து 0.2 வினாடியில் 4 மீட்டர் கடந்துவிடும். ஆகவே மைதானத்தில் ஆடும் மனிதர் யாராயினும், பந்து புறப்பட்டு 4 மீட்டர் போன பிறகுதான் அசையவே தொடங்குகிறார்.

திரையில் நிலைமை வேறு. இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் காட்சி வினாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எல்லா ஆட்டக்காரர்களின் அடுத்த நிலையையும் நிரல் கணக்கிட்டுவிடுகிறது. ஆக, கணிப்பொறித் தடுப்பாட்டக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு வினாடியே போதும். அதற்குள் அதே பந்து 33 செ.மீ. தான் நகர்ந்திருக்கும்!

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்து இருக்குமிடம் என்பது நினைவகத்தில் உள்ள மூன்று எண்கள், அவ்வளவுதான். அவற்றைப் படிக்க முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தியும் அதே நினைவகத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நிரல் எழுதியவர் தடுத்து வைக்காவிட்டால், உங்கள் ஆட்டக்காரர் காலை ஓங்குவதற்கு முன்பே அதைப் படித்துவிடவும் முடியும். முதுகில் கண் இருப்பதன் இரகசியம் இதுதான்.

இனி கால்களுக்கு வருவோம். 70 கி.கி. நிறையுள்ள ஒருவர் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். பின்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் அவர் நிற்க வேண்டும். தரையின் உராய்வு அவருக்கு வினாடிக்கு வினாடி 6 மீட்டர் எதிர்முடுக்கம் தருவதாகக் கொண்டால், நிற்பதற்கே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். 4 மீட்டர் சறுக்கிச் செல்வார். எளிய விளையாட்டு நிரலிலோ திசைவேகம் ஓர் எண்தான். +7 என்பதை -7 ஆக்கிவிட்டால் ஒரே காட்சிக்குள் ஆள் திரும்பிவிடுகிறார். இதற்கு வேண்டிய முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: வினாடிக்கு வினாடி 840 மீட்டர். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 85 மடங்கு! விசையோ 58,800 நியூட்டன். ஆறு டன் எடைக்குச் சமம். எந்தக் கணுக்கால் தாங்கும்?

கால்களின் குறையைத் தயாரிப்பாளர்கள் வெகுவாகச் சரிசெய்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2021இல் வெளிவந்த ஃபிஃபா 22 என்னும் விளையாட்டுக்காக, 22 ஆட்டக்காரர்களுக்கு உணரிகள் பொருத்திய உடையை அணிவித்து, முழு ஆட்டத்தின் அசைவுகளையே பதிவு செய்தார்கள். கால்கள் மனிதக் கால்களாகி வருகின்றன. மூளைதான் இன்னும் மனித மூளையாகவில்லை.

நாம் எழுப்பும் எல்லாப் புகார்களும் நியாயமானவை என்று நான் சொல்லமாட்டேன். பின்னாலிருந்து துரத்தி வந்து பிடித்துவிடுகிறார் என்று பலர் குறைப்படுவதுண்டு. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுபவரைவிடப் பந்தில்லாமல் ஓடுபவர் விரைவாக ஓடுவது மைதானத்திலும் உள்ளதுதானே!

சரி, தடுப்பாட்டக்காரரை மனிதராக்குவது எப்படி? பந்து இப்போது இருக்குமிடத்தைச் சொல்லாமல், 12 காட்சிகளுக்கு முன் இருந்த இடத்தை அவருக்குச் சொல்லலாம். 12ஐ 60 ஆல் வகுத்தால் அதே 0.2 வினாடி. ஆனால் இதைமட்டும் செய்தால் அவர் அசடாகிவிடுவார். பந்து இல்லாத இடத்துக்கே ஓடிக்கொண்டிருப்பார். உண்மையான ஆட்டக்காரர் அப்படி ஓடுவதில்லையே, ஏன்? அவருடைய மூளை ஊகிக்கிறது. பழைய செய்தியை வைத்துக்கொண்டு, பந்து இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணித்து அங்கே ஓடுகிறது.

போக்குக் காட்டும் கலை பிழைப்பதும் இந்த ஊகத்தால்தான். பந்து இடப்பக்கம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரே தட்டில் அதை அதே வேகத்தில் வலப்பக்கம் திருப்புகிறீர்கள். பந்தின் நிறை அரைக் கிலோகிராமுக்கும் குறைவு, சட்டென்று திரும்பிவிடும். அடுத்த 0.2 வினாடியில் பந்து 60 செ.மீ. வலப்பக்கம் வந்திருக்க, எதிராளியின் மூளையோ 60 செ.மீ. இடப்பக்கம் இருப்பதாக நம்புகிறது. பிழை 1.2 மீட்டர். அவர் தவற்றை உணரும்போது 70 கி.கி. உடல் வேறு தவறான திசையில் போய்க்கொண்டிருக்கிறது. தாமதம் இருப்பவனே ஊகிக்க வேண்டும்; ஊகிப்பவனையே ஏமாற்ற முடியும். தாமதமே இல்லாத கணிப்பொறிக்கு ஊகம் எதற்கு? நீங்கள் நாட்கணக்கில் பழகிய போக்கு அதனிடம் செல்லாததற்குக் காரணம் இதுவே.

புலன்களின் எல்லை எவ்வளவு பெரிய விஷயம் என்பது கால்பந்துக்கு வெளியேயும் தெரியவந்தது. லண்டனில் உள்ள டீப்மைண்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட் 2 என்னும் போர் விளையாட்டுக்கு ஆல்ஃபாஸ்டார் என்ற நிரலை உருவாக்கியது. 2019 ஜனவரியில் அது வெளியிட்ட ஆட்டங்களில், போலந்து நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரை ஆல்ஃபாஸ்டார் 5-0 என்று வென்றிருந்தது. ஆனால் அந்த நிரல், தனக்குத் தெரியக்கூடிய பகுதி முழுவதையும் ஒரே சமயத்தில் கண்டுகொண்டிருந்தது. மனிதரைப்போல் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்க்கவேண்டும் என்று கட்டுப்படுத்திய மற்றொரு வடிவத்தை நேரலையில் அவர் தோற்கடித்தார். அந்த வடிவத்துக்குப் பயிற்சிக்காலம் குறைவு என்பதும் உண்மைதான். அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், பார்வைக்கும் செயல்களின் வேகத்துக்கும் மனித எல்லைகளை விதித்தே நிரலை ஆடவைத்தனர்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஸ்கிராட்ச் மொழியில், அம்புக்குறிப் பொத்தான்களால் நகரும் பந்து ஒன்றும், அதைத் துரத்தும் ஆள் ஒருவரும் வைத்துச் சிறு நிரல் எழுதுங்கள். அது வினாடிக்கு 30 முறை இயங்குவதால், பந்தின் கடைசி 6 நிலைகளை ஒரு பட்டியலில் சேமித்து, அவற்றுள் மிகப் பழையதை மட்டும் துரத்துபவருக்குக் கொடுங்கள். பிறகு பந்தின் வேகத்தைக் கணக்கிட்டு ஊகிக்கவும் கற்றுக்கொடுங்கள். எந்தத் திருப்பத்தில் அவர் ஏமாறுகிறார் என்று குறித்துவையுங்கள்.