கடல் நடுவே ஒரு சபை – 6
கதிரை வெறுமையாக இருந்த 26 மாதங்கள்

2023 மார்ச் 19 நள்ளிரவோடு இலங்கையின் உள்ளூராட்சி சபைகளுக்கு ஆயுள் முடிந்தது. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் 13 சபைகள். பட்டணத்தில் ஒன்று, கிண்ணியாவில் நகர சபை ஒன்று. மிச்சம் பதினொன்றும் பிரதேச சபைகள்: குச்சவெளி, மூதூர், வெருகல், சேருவில, தம்பலகாமம், கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர, கிண்ணியா, பட்டினமும் சூழலும். அடுத்த நாள் கந்தோர்கள் வழமைபோலத் திறந்தன. செயலாளர் இருந்தார், லிகிதர்கள் இருந்தார்கள், சோலைவரிக்கு ரசீது எழுதினார்கள். தவிசாளரின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் ஆள் வந்து அமர 2025 ஜூன் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போன வாரம் 2018 தேர்தலோடு நிறுத்தியிருந்தோம். வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த புதிய முறையில் நாடு முழுவதும் நடந்த முதல் தேர்தல் அது. நான்கு வருடப் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். சட்டம் அமைச்சருக்கு ஒரு வருட நீடிப்புக்கு இடம் தருகிறது. அமைச்சு அதைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஒரு வருடத்துக்குள் நாட்டில் எரிபொருள் வரிசை வந்தது, ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே போனார், இன்னொருவர் வந்தார். தேர்தலுக்கு 2023 மார்ச் 9 என்று நாள் குறிக்கப்பட்டபோது 80,000 பேருக்கு மேல் வேட்பாளர்கள். கட்டுப்பணம் கட்டியாயிற்று, சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைக்கு யாரும் “தேர்தல் வேண்டாம்” என்று வாய் திறந்து சொல்லவில்லை. காசு இல்லை என்றார்கள், அவ்வளவுதான். 2023 வரவு செலவுத் திட்டத்தில் தேர்தலுக்கென்று 1,000 கோடி ரூபாவைப் பாராளுமன்றமே ஒதுக்கியிருந்தது. ஆனால் அத்தியாவசியச் செலவுக்கு மட்டுமே பணம் விடுவதென்ற அமைச்சரவை முடிவைத் திறைசேரி எடுத்துக் காட்டியது. பணம் வராமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாதென்றார் அரச அச்சகர். பெப்ரவரி கடைசியில் நடக்கவிருந்த தபால் வாக்களிப்பு நின்றது. பொலிஸ் பாதுகாப்புக்கும் எரிபொருளுக்கும் இதே கதை. ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டியது. சட்டப்படி யாரும் தேர்தலை இரத்துச் செய்யவில்லை, அது நடக்கவுமில்லை. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பதில் எனக்கு அதிகம் சந்தேகமில்லை.

மார்ச் 3 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை ஒன்றைப் பிறப்பித்தது. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாது என்று திறைசேரிச் செயலாளருக்கும் சட்டமா அதிபருக்கும் உத்தரவு. ஆளுந்தரப்பு அதற்கு எதிராகப் பாராளுமன்றத்தில் சிறப்புரிமைப் பிரச்சினையைக் கிளப்பியது. தேர்தல் ஏப்ரல் 25 க்குப் போனது. பிறகு திகதியே இல்லாமல் போனது.

வழக்கின் இறுதித் தீர்ப்பு 2024 ஆகஸ்ட் 22 இல் வந்தது. நிதி அமைச்சர் என்ற முறையில் ரணில் விக்கிரமசிங்கவும், தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினார்கள் என்றது நீதிமன்றம். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது. அதற்கு இடைஞ்சல் இல்லாமல் உள்ளூராட்சித் தேர்தலைக் கூடிய விரைவில் நடத்துங்கள் என்று உத்தரவு. பணம் விடுவிக்காதவரை மட்டுமல்ல, உரிய வேளையில் உறுதியாக நிற்காத ஆணைக்குழுவையும் குற்றம் கண்டதுதான் இந்தத் தீர்ப்பின் கனம். தேர்தல் நடத்துவது ஆணைக்குழுவின் கடமை; கேட்டும் காசு கிடைக்கவில்லை என்று அது கையை விரித்துவிட முடியாது.

கொழும்பில் இது அரசியலமைப்பு விவாதமாக நடந்துகொண்டிருந்தபோது கிழக்கில் நிலைமை வேறு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30 இலேயே முடிந்துவிட்டது. ஆக, 2023 மார்ச்சுக்குப் பிறகு திருகோணமலையில் தெருவிளக்கில் தொடங்கி ஆளுநர் மாளிகை வரைக்கும் மக்கள் தெரிவு செய்த ஒரு ஆள்கூட இடையில் இல்லை. சபையில் செயலாளர், அவருக்கு மேல் உள்ளூராட்சி ஆணையாளர், மாகாண அமைச்சின் செயலாளர், எல்லோருக்கும் மேல் ஜனாதிபதி நியமித்த ஆளுநர். வாக்குப் போட்டு அனுப்பியவர் என்றால் பாராளுமன்றத்தில் இருக்கும் நால்வர்தான். கான் அடைத்துக் கிடக்கிறது என்று பாராளுமன்ற உறுப்பினரிடமா போவது?

மத்திய சந்தையில் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மெம்பர் எண்டா விடிய வெள்ளன வீட்டுக்கே போய்ப் பேசலாம் தம்பி. செயலாளரிட வீட்டுக்குப் போகேலுமே?” அந்தக் காலத்துச் செயலாளர்கள் வேலை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. சிலர் சபை இருந்த காலத்தைவிட ஒழுங்காகவே செய்தார்கள் என்றுகூடச் சொன்னார். ஏசுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

2023 இல் மனுக் கொடுத்த அரச ஊழியர்களின் பாடு தனி. வேட்பாளர் ஆனால் சம்பளமற்ற லீவில் போக வேண்டும். தேர்தல் முடிந்தால் திரும்பலாம். தேர்தலே முடியாவிட்டால்? மாதக் கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தார்கள். இந்த முடிச்சு ஒருவழியாக 2025 பெப்ரவரி 17 இல் அவிழ்ந்தது. உயர் நீதிமன்றத்தின் பரிசீலனைக்குப் போய்வந்த சிறப்பு ஏற்பாடுகள் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் அன்று மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. பழைய வேட்புமனுக்கள் இரத்து. மார்ச்சில் புதிய மனுக்கள். மே 6 இல் வாக்களிப்பு.

அதிலும் ஒரு வில்லங்கம். பெண்களுக்கு 25 வீதம் என்பது ஏற்கெனவே உண்டு. இந்த முறை 35 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், வயதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பலர் சமாதான நீதவான் ஒப்பமிட்ட போட்டோப் பிரதியைச் செருகிவிட்டார்கள். சட்டம் கேட்டது அத்தாட்சிப்படுத்திய பிரதி என்று சொல்லித் தெரிவத்தாட்சி அலுவலர்கள் பட்டியலையே தள்ளினார்கள். ஒரு பிள்ளையின் கடதாசிக்காகக் கட்சியின் முழுப் பட்டியலும் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மனுக்கள் குவிந்தன. நிராகரிக்கப்பட்டவற்றில் பலவற்றை ஏற்கும்படி உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் அல்ல. கட்சிச் செயலாளர்கள் சட்டத்தை வாசித்துவிட்டு மனுத் தயாரித்தால் நீதிமன்றத்துக்கு இத்தனை வேலை இருந்திராது.

2018 இல் நகர சபைக்கு வாக்களித்த பட்டணத்தார் 2025 இல் மாநகர சபைக்கு வாக்களித்தார்கள். தவிசாளர் போய் மாநகர முதல்வர் வந்தார். செயலாளரின் இடத்தில் மாநகர ஆணையாளர். 1939 இன் நகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து 1947 இன் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்துக்கு ஊர் மாறியது. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, நிலம் பெரிதாகவில்லை.

இந்தத் தொடரின் தலைப்புக்குக் காரணமே அதுதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக் குடாவும் பின்குடாவும். இடையில் ஒடுங்கிய நிலம். கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம். இரண்டு கரையிலிருந்தும் 300 மீற்றர் அளந்தால் பட்டணத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். மிச்சத்தில் கோட்டை இராணுவத்திடம், டொக்யார்ட் கடற்படையிடம். துறைமுகத்தைச் சுற்றிய காணிகள் 1979 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான துறைமுக அதிகார சபையிடம். அவற்றில் உறுதி இல்லாமல் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும் உண்டு. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானபோது இந்த மாவட்டத்துச் சபை எதையும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டட அனுமதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் சபை ஒப்பமிடுகிறது; ஆனால் நகர அபிவிருத்தி அதிகார சபை 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கையளித்த அதிகாரத்தைக் கொண்டுதான்.

2025 நவம்பரில் இது வெளிச்சமாயிற்று. டொக்யார்ட் வீதிக் கரையில் விகாரைக் காணிக்குள் அனுமதியற்ற கட்டுமானம் என்று முறைப்பாடு செய்தது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். 16 ஆம் திகதி அங்கே புத்தர் சிலை வைத்தார்கள். அன்றிரவே பொலிஸார் அகற்றினார்கள். மறுநாள் பொலிஸாரே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பாராளுமன்றம், நீதவான் நீதிமன்றம். திணைக்களம், பொலிஸ், அமைச்சர், ஜனாதிபதி என்று எல்லோரும் பேசிய இந்த விவகாரத்தில், ஆறு மாதம் முன்பு மக்கள் வரிசையில் நின்று தெரிவு செய்த சபையின் கையில் தீர்மானிக்க ஏதும் இருக்கவில்லை. சபைக்கு அந்த அதிகாரம் இருந்திருந்தால் நியாயமாகத் தீர்த்திருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். மூவினமும் வாழும் ஊரில் வாக்குக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் ஊர்ச் சபையைக் கேட்க ஒரு படிகூட அந்த நடைமுறையில் வைக்கப்படவில்லை.

வருமானமும் கிட்டத்தட்ட இப்படித்தான். காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத் தண்டப்பணமும் சபைகளுக்கு உரியவை. அவை வருவது மாகாண சபை வழியாக. அந்த மாகாண சபையோ செயலகம் மட்டும் உள்ள சபை. தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை 2017 இல் நிறைவேற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஆதரவாக ஒரு வாக்குமின்றி, எதிராக 139 வாக்குகளோடு தோற்கடித்தது. கொண்டுவந்த தரப்பே எதிர்த்து வாக்களித்த அறிக்கை அது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அந்த 139 பேரில் யார் யார் இருந்தார்கள், தமிழ், முஸ்லிம் கட்சிகள் ஏன் கைகோத்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)