ஏழு வயதுக்குத் தள்ளுவண்டி எதற்கு?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே, 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்ற மாபெரும் பொழுதுபோக்கு இடம் இருக்கிறது. 1971 அக்டோபர் முதல் தேதி திறக்கப்பட்ட இதனுள் இப்போது நான்கு பெரிய பூங்காக்கள் உள்ளன. அவற்றின் வாசலில் சிறிது நேரம் நின்றால் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள், ஓடியாடக்கூடிய நல்ல உடல்வாகு உள்ளவர்கள், கைக்குழந்தையைப் போலத் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு வருவார்கள். கால்கள் தரையைத் தொடும் அளவுக்கு நீண்டு தொங்கும். அதைப் பார்த்து, "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வண்டியா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

முகம் சுளிப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இந்தப் பூங்காக்களில் ஒரு குடும்பம் காலை முதல் இரவு வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். 1982-இல் திறக்கப்பட்ட 'எப்காட்' பூங்காவில் ஓர் ஏரி உண்டு. அதை ஒருமுறை சுற்றி வந்தாலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆகிவிடும். அப்பாவின் ஓர் எட்டு 75 சென்டிமீட்டர் என்றும், ஐந்து வயதுச் சிறுவனின் எட்டு 50 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டருக்கு அப்பா வைப்பது 16,000 எட்டுகள். மகன் வைப்பதோ 24,000. ஒரே பாதைதான். ஆனால் சிறுவனின் கால்கள் எண்ணாயிரம் தடவை கூடுதலாக வேலை செய்கின்றன.

எட்டுகளின் எண்ணிக்கையைவிடச் சுவையான செய்தி வேகத்தில் இருக்கிறது. நாம் நடக்கும்போது ஊன்றிய கால், தலைகீழாகப் பிடித்த ஊசலைப் போல இயங்குகிறது. உடல் அந்தக் காலின்மேல் ஒரு வில்லைப் போல உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாகிறது. தாழும்போது அது மீண்டும் இயக்க ஆற்றலாகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடந்தால் தசைகளுக்கு வேலை குறையும். மிக மெதுவாக நடந்தாலும் மிக வேகமாக நடந்தாலும் அது கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் சிக்கனமான ஒரு வேகம் இருக்கிறது. 1983-இல் காவாக்னா என்ற இத்தாலிய அறிஞரும் அவருடைய குழுவினரும் குழந்தைகளின் நடையை அளந்து பார்த்தார்கள். சிக்கனமான வேகம் இரண்டு வயதில் மணிக்கு 2.8 கிலோமீட்டராக இருந்தது. பன்னிரண்டு வயதில்தான் அது பெரியவர்களுக்குரிய 5 கிலோமீட்டரை எட்டியது.

இதற்குக் காரணம் கால் நீளம். அதை விளக்க உதவியவர் ஒரு கப்பல் பொறியாளர்! வில்லியம் ஃபுரூட் (1810-1879) என்ற ஆங்கிலேயர், சிறிய மாதிரிக் கப்பல்களைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பல்களின் போக்கைக் கணித்தவர். வேகத்தின் வர்க்கத்தை, நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பதை இன்று ஃபுரூட் எண் என்கிறோம். பிரிட்டிஷ் விலங்கியலாளர் மக்நீல் அலெக்சாண்டர் இந்த எண்ணைக் கால்களுக்குப் பொருத்தினார். 1976-இல் டைனோசர்களின் காலடித் தடங்களிலிருந்து அவற்றின் வேகத்தை மதிப்பிட்டதும் இதே வழியில்தான். கப்பலில் தொடங்கி டைனோசர் வழியாக நம் தம்பி தங்கையிடம் வந்து நிற்கிறது இந்தச் சூத்திரம்!

மனிதருக்கு இந்த எண் 0.25 அளவில் இருக்கும்போது நடை சுகமாக இருக்கும். 0.5-ஐ நெருங்கினால் நடையை விட்டு ஓடத் தொடங்குவோம். 90 சென்டிமீட்டர் காலுள்ள அப்பாவுக்குச் சுகமான வேகம் மணிக்கு 5.3 கிலோமீட்டர், ஓடத் தொடங்கும் வேகம் 7.6. ஐந்து வயதுப் பிள்ளையின் காலோ 50 சென்டிமீட்டர்தான். அதற்குச் சுகமான வேகம் 4. ஓட்டம் தொடங்குவது 5.6. இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்பா சாவகாசமாக நடப்பதாக நினைக்கும் வேகம், பிள்ளைக்கு ஏறக்குறைய ஓடும் வேகம். கையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறுவன் நாலு எட்டு நடப்பதும் இரண்டு எட்டு ஓடுவதுமாக வருவது இதனால்தான். அது குறும்பு என்று நினைத்து, "ஒழுங்காக நட!" என்று அதட்டுகிறோம்.

"வீட்டில் நாள் முழுக்க ஓடுகிறானே, அங்கே மட்டும் கால் வலிக்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாடும் குழந்தைகளை விநாடிக் கணக்கில் கவனித்த ஓர் ஆய்வு 1995-இல் வெளியாயிற்று. அவர்களுடைய கடுமையான ஓட்டம் பெரும்பாலும் மூன்று விநாடி அளவில் முடிந்துவிடுகிறது, பிறகு ஓய்வு, பிறகு மீண்டும் ஒரு பாய்ச்சல். இந்த முறைக்குக் குழந்தையின் உடல் அபாரமாகப் பொருந்துகிறது. 8 முதல் 12 வயதுச் சிறுவர்கள் கடும் உழைப்புக்குப் பின், பயிற்சி பெற்ற நெடுந்தூர வீரர்களைப் போல விரைவில் களைப்பு நீங்குகிறார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. பொழுதுபோக்குப் பூங்காவில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பெரியவர் வேகத்தில் நீண்ட நடை, அதன்பின் வரிசையில் அசையாமல் நிற்பது, மறுபடியும் நடை. நினைத்தபோது பாயவும் முடியாது, நினைத்தபோது உட்காரவும் முடியாது.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. புளோரிடாவின் கோடையில் பிற்பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் வரை போகும். காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடும். 20 கிலோ குழந்தையின் தோல் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர். 70 கிலோ மனிதருக்கு 1.8. கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் குழந்தைக்கு ஒன்றரை மடங்கு. நிழலில் இது வெப்பத்தை வெளியேற்ற உதவும். சுடும் வெயிலிலோ வெப்பத்தை உள்ளே வாங்கும் வாசலாகிவிடும். குழந்தைகளுக்கு வியர்ப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு.

அப்படியானால் வண்டி நல்லதுதானா? தூக்கிச் சுமப்பதைவிட மிக நல்லது. பிள்ளை 20 கிலோ, வண்டி 10 கிலோ என்று கொள்வோம். சமதரையில் உருளும் சக்கரத்தின் தடை எடையில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால், தள்ளுவதற்கு வேண்டிய விசை 600 கிராம் எடையைத் தாங்கும் விசைதான். அதே பிள்ளையைத் தோளில் ஏற்றினால் 20 கிலோவும் தோளில்தான். ஆனால் இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவு வந்தால் தள்ளுபவர் மேலும் ஒன்றரை கிலோ எடைக்குச் சமமான விசை கொடுக்க வேண்டும். கைப்பிடியில் பைகளை மாட்டுவதும் ஆபத்து. பிள்ளை உட்கார்ந்திருக்கும்வரை வண்டி நிற்கும். பிள்ளை இறங்கியதும் பைகளின் திருப்புத்திறன் வெற்றி பெற்று வண்டி பின்புறமாகக் கவிழும். வெயிலுக்காக வண்டியைத் துணியால் முழுதும் மூடுவது அதைவிடக் கெடுதல். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும்.

வண்டிக்கும் எல்லை உண்டு. டிஸ்னி பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை வண்டி ஏறத்தாழ 23 கிலோ வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அது அநேகமாக ஏழு வயதுப் பிள்ளையின் எடை. சொந்த வண்டியானால், 2019 மே முதல், 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்பட்டதை உள்ளே விடுவதில்லை.

நாள் முழுதும் உட்கார வைப்பதும் சரியாகாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் கட்டிவைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. காலையில் நடக்கட்டும், பிற்பகல் வெயிலில் ஏறட்டும், இரவு வாணவேடிக்கைக்குப் பின் அதிலேயே தூங்கட்டும் என்பதே என் கட்சி. வண்டி வேண்டாம் என்று முடிவு செய்யும் குடும்பம் தன் வேகத்தை மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் குறைத்து, இரண்டு மூன்று காட்சிகளை விட்டுவிட வேண்டும். வேகத்தையும் குறைக்காமல் வண்டியும் எடுக்காமல் போனால் அந்தக் கடனை மாலையில் பிள்ளையின் கால்கள் அடைக்கும்.

இன்னொன்று. வண்டியில் வரும் பெரிய பிள்ளைகளில் இதய நோய், ஆஸ்துமா, தசை நோய் உள்ளவர்களும் இருக்கலாம். வெளிப்பார்வைக்கு அது தெரியாது. இத்தகையோரின் வண்டிக்கு அந்தப் பூங்காக்களில் தனி அடையாளச் சீட்டு கட்டித் தருகிறார்கள். அதைச் சக்கர நாற்காலியாகவே கருதி வரிசைக்குள்ளும் விடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து தரை வரை கால் நீளத்தை மீட்டரில் அளந்து 4.9-ஆல் பெருக்குங்கள். வர்க்கமூலம் கண்டு 3.6-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது, நடை ஓட்டமாக மாறும் வேகம், மணிக்குக் கிலோமீட்டரில். பள்ளி மைதானத்தில் 20 மீட்டர் கோடு போட்டு, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி நடங்கள். எப்போது ஓடத் தொடங்குகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். கணக்கும் கடிகாரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்.